சீட்டில் எழுதிய சொல்

சங்கராபுரம்
9 பிப்ரவரி 2025

டாக்டர் தீனதயாளனுக்கு,

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்தபோது விடுதியில் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுதுகிறேன். ஜெயப்பிரகாஷ். கல்வராயன் மலைக்காரன். சாதிச் சான்றிதழில் எங்கள் பழங்குடியின் பெயர் ‘மலையாளி’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேரளாவில் எந்த ஊர் என்று வகுப்பே கேட்டதே, அவன்.

உன் போன் நம்பர் எனக்குக் கிடைத்துவிட்டது. கூப்பிடவில்லை. பேச்சு நடுவில் நீ சிரித்துவிடுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது கத்தித் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுத்தை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

என் தங்கை செவ்வந்தி கரியாலூருக்கு மேலே மேல்நெல்லிப்பாடியில் இருக்கிறாள். அந்த ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். இரண்டு வருஷம் முன்னால் நலவழி அறக்கட்டளை ஆட்கள் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் பி வைரஸ் ஊரில் நிறையப் பேருக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது. போன மாதம் கால் வீங்கி, சோறு இறங்காமல், அடிவாரத்தில் அந்த அறக்கட்டளை நடத்தும் கல்லீரல் மருத்துவமனைக்கு வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலில் தழும்பு விழுந்தால் ரத்தத்தில் கூடும் அந்தப் புரதம் அவளுக்கு எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. வைரஸ் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது. இதற்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் இரண்டாம் வருஷப் பையனுக்குத் தெரியும்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன். சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தான். “மலையா? ஒரு நாளைக்கு எவ்ளோ குடிப்பே?” என்று கேட்டான். குடிக்கிறதில்லை என்றாள். சிரித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் ‘சாராயம்’ என்று எழுதினான். ஆறு மாதம் நிறுத்திவிட்டு வா, அப்புறம் மாத்திரை பார்க்கலாம் என்றான்.

நான் போய்ச் சண்டை போட்டேன். அவன் ஒரு அச்சடித்த தாளை எடுத்து நீட்டினான். கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தனி வழிகாட்டி. மலைக்காரர்களின் கல்லீரலில் இந்த வைரஸ் தழும்பு போடுவதில்லை, புரதம் கூடியிருந்தால் குடியைச் சந்தேகிக்கவும். அடியில் ஆதாரம் என்று ஒரே ஒரு ஆய்வு. அதன் மேல் உன் பெயர்.

1998இல் ரிஷிவந்தியத்தில் உன் வீட்டுக்கு ஒரு முறை வந்தேன். உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். “மலையிலேர்ந்து வர்ற, ஒரு பாட்டில் கொண்டாரக் கூடாதா?” என்றார். நீ சிரித்தாய். அன்றைக்கு அது வெறும் கேலி. இப்போது அதற்கு எண் போட்டு, வரைபடம் போட்டு, அச்சடித்து, என் தங்கையின் தலையில் வைத்திருக்கிறாய்.

மாத்திரையை நானே கடையில் வாங்கிக் கொண்டுபோனேன். அவள் தொடவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. அந்தச் சீட்டில் எழுதியது எப்படியோ ஊருக்குத் தெரிந்து, குடிகாரி கையால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதா என்று சில பேர் கேட்க, தலைமை ஆசிரியர் அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றிருக்கிறார். அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “மாத்திர முழுங்கினா ஈரல் ஆறும்ணா. பேரு ஆறுமா? அந்த எழுத்த அடிச்சிட்டு வா. அப்புறம் முழுங்கறேன்.”

அடிக்க வேண்டியவன் நீ.

ஜெயப்பிரகாஷ்


சென்னை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரகாஷ்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், படிக்கும் வரை. போனில் பேசியிருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். நீ எழுதச் சொல்கிறாய், எழுதுகிறேன்.

செவ்வந்தியின் நிலைமை எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் நீ ஆய்வைப் படிக்காமல் கோபப்படுகிறாய் என்று நினைக்கிறேன். விரல் ரத்தத்தில் வைரஸ் இருப்பது உறுதியான நாற்பது பேரை மேல்நெல்லிப்பாடிப் பள்ளிக்கு வரவழைத்தோம். உன் தங்கையின் ஊரும் பக்கத்து இரண்டு ஊர்களும். ஐந்து நாள் முகாம். கையிலிருந்து குழாயில் ரத்தம் எடுத்து அந்தப் புரதத்தை அளந்தோம். ரிஷிவந்தியம் பக்கம் சமவெளியிலும் அதே போல நாற்பது பேர். சமவெளிக்காரர்களின் அளவுகள் மேலும் கீழுமாக இறைந்து கிடந்தன. சில பேருக்குப் பயப்படும் அளவுக்கு இருந்தது. மலையில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் குறைவு. அதுவும் எப்படி! ஆண்கள் எல்லாம் ஒரு கோட்டில், பெண்கள் எல்லாம் ஒரு கோட்டில். என் இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு நெருக்கமான அளவுகளை நான் பார்த்ததில்லை. தலைமுறை தலைமுறையாக உங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால் ரத்தம் ஒன்றுபோல ஆகியிருக்கிறது, அதில் ஏதோ ஒரு பாதுகாப்பும் வந்திருக்கிறது என்று எழுதினேன். யோசித்துப் பார், இதில் உங்களைத் தாழ்த்த எதுவும் இல்லை. உங்கள் ரத்தம் எங்கள் ரத்தத்தை விட மேல் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அறக்கட்டளை அதை இவ்வளவு சீக்கிரம் வழிகாட்டியாக்கியது என் முடிவு அல்ல. நான் தடுக்கவும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வந்தி குடிப்பதில்லை என்று நீ நம்புகிறாய். பெண்கள் இதை வீட்டில் சொல்வதில்லை, அண்ணனிடம் சொல்லவே மாட்டார்கள். விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு நமது மாவட்டத்தில் எந்த டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது.

நீ பரிசோதித்துக்கொண்டாயா? இந்த வைரஸ் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ரத்தம் எடுத்துக் குழாயை எனக்கு அனுப்பு, நானே பார்க்கிறேன்.

அப்பா சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்டேன். எனக்கும் இல்லை.

உன்,
தீனா


சங்கராபுரம்
12 மார்ச் 2025

தீனதயாளனுக்கு,

உனக்கும் உன் அப்பாவுக்கும் ஞாபகம் இல்லை. சரி. எனக்கு இருக்கிறது. ஒருத்தருக்கு இருந்தால் போதும்.

என் ரத்தம் உனக்குக் கிடைக்காது. அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேல்நெல்லிப்பாடிக்குப் போனேன். நம் ஆட்களைக் கூட்டி வைத்து அதைப் படித்துக் காட்டினால் கொதித்தெழுவார்கள், நாற்பது கையெழுத்து வாங்கி உன் முகத்தில் எறியலாம் என்பது என் திட்டம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் முப்பது பேர் வந்தார்கள். படித்தேன். பெண் கொடுத்து எடுத்த கதை வந்தபோது சில பேர் முணுமுணுத்தார்கள். ‘ஆண்கள் எல்லாம் ஒரு கோட்டில், பெண்கள் எல்லாம் ஒரு கோட்டில்’ என்று படித்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நான் வாத்தியார் மாதிரி அதட்டினேன். சிரிப்பு ஜாஸ்தியானது. செவ்வந்தியின் கொழுந்தன் ராசு தலையைக் குனிந்துகொண்டு கட்டை விரலால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“அது ராசு ரத்தம் மாப்ள,” என்றார் ராசுவின் சித்தப்பா சின்னக்கண்ணு. பெண்கள் பக்கமிருந்து, “பொம்பளைங்களுது கோகிலவாணிது,” என்று ஒரு குரல்.

உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் ஊர்களில் ஓடைக் கால்வாய் தூர்வார, பாதை வெட்ட, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். வீட்டில் ஆள் படுத்துக் கிடந்தால் பங்காளி வீட்டிலிருந்து ஒருத்தன் அவனுக்காக நிற்பான். அவன் பெயரைச் சொல்லி வேலை செய்வான். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஆள் வந்தாயிற்று, அவ்வளவுதான். உன் முகாம் வந்தபோதும் அதே கணக்குதான். உனக்கு ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று நீங்கள்தான் வீடு வீடாக வந்து சொன்னீர்கள். நோயாளியிடம் போய்க் குழாய் குழாயாக ரத்தம் எடுத்தால் அவன் இன்னும் இளைக்க மாட்டானா? ஊர் கூடிப் பேசி, திடமான ஆளை அனுப்பியது. ஆண்களுக்கு ராசு. பெண்களுக்குக் கோகிலவாணி, கல்லூரியில் கபடி ஆடும் பெண். இரண்டு பேருக்கும் கிருமி கிடையாது. பங்காளி ஊர்கள் இரண்டும் அவர்களையே கேட்டு வாங்கிக்கொண்டன. ஐந்து நாளில் எத்தனை தடவை கையை நீட்டினான் என்று ராசுவுக்கே தெரியவில்லை. இரண்டு கையும் நீலம் பாரித்துப் போனதாம். ஊசி போட்டபின் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தீர்களாமே, அதைத் தின்றே அந்த வாரம் ஓட்டியிருக்கிறான்.

உன் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஒரு நர்ஸம்மா கேட்டாங்க மாமா, நீ காலீல வந்தவன்தானேன்னு. இல்ல, அது எங்கண்ணன்னேன். நீங்கல்லாம் ஒரே மாரி இருக்கீங்கப்பான்னு சிரிச்சிக்கினே குத்தினாங்க.”

அந்த நர்ஸைக் குறை சொல்லாதே. அவள் டோக்கனைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நீ எண்ணைப் பார்த்தாய். உன் முன்னால் ஒரே ஆளின் ரத்தம் வரிசையாகக் கிடந்தது. இது ஒரே ஆளின் ரத்தமோ என்று உனக்குத் தோன்றவில்லை. மலைக்காரன் எல்லாம் ஒரே ரத்தம் என்று தோன்றியது. எது நம்புவதற்குச் சுலபமோ அதை நம்பினாய். ரிஷிவந்தியத்தில் இருபது பேருக்கு ஒரே அளவு வந்திருந்தால், குழாய் மாறிவிட்டது என்று லேப் பையனைத் திட்டியிருப்பாய்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வயிறு லேசாக உப்பியிருக்கிறது.

ஜெயப்பிரகாஷ்


சென்னை
19 மார்ச் 2025

பிரகாஷ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேப்பமரத்தடியில் முப்பது பேர் சிரித்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததை ஊரே சேர்ந்து இப்போது இப்படிச் சொல்கிறது, சொன்னால் உன் தங்கைக்கு நல்லது என்பதால். நீ அதை யோசித்தாயா?

ஒரு பேச்சுக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதை வெளியே சொன்னால் கெட்ட பெயர் யாருக்கு? மலைக்காரர்கள் ஆள்மாறாட்டம் செய்தார்கள், இனிமேல் அங்கே எந்த ஆய்வும் செய்ய முடியாது என்றுதான் எழுதுவார்கள். அறக்கட்டளை திட்டத்தையே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். வழிகாட்டி வருவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பித்த நாலு பேருக்கும் அது நின்றுபோகும். உன் கோபம் தீருவதற்காக உன் ஊரைப் பலிகொடுக்காதே.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை.

தீனதயாளன்


சங்கராபுரம்
25 மார்ச் 2025

தீனதயாளனுக்கு,

மிரட்டுவதற்கு நல்ல தமிழ் கற்றிருக்கிறாய்.

மிச்சம் ரத்தத்தை உறைபெட்டியில் வைத்திருப்பாய், உங்கள் ஆட்கள் எதையும் கொட்ட மாட்டார்கள். திற. அந்த நாற்பது குழாய்களில் வைரஸ் இருக்கிறதா என்று பார். விரலில் இருந்தது கையில் இல்லாமல் போகாது. ஒரு நாள் வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். செய்யவில்லை, தேவை என்று தோன்றவில்லை. கோடு அவ்வளவு நேராக இருந்தது.

கெட்ட பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. அதை வைத்துத்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்துகிறோம். பஸ்ஸில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், செக்போஸ்ட்டில் தேனைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். இன்னும் ஒரு கெட்ட பெயரால் மலை சாய்ந்துவிடாது. ஆனால் ஏமாற்றினார்கள் என்று மட்டும் எழுதாதே. ராசுவிடம் அதையும் கேட்டேன். “ரத்தம் வேணும்னாங்க. குட்த்தோம். யார் ரத்தம் வேணும்னு இன்னாத்துக்கு வேணும்னு ஒருத்தரும் உக்காந்து சொல்லலியே மாமா,” என்றான். நீ மேலே வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்து சொன்னாயா? உன் பெயர் அந்தத் தாளில் இருக்கிறது. உன் கால் அந்த ஊரில் பட்டதில்லை. நான் விசாரித்துவிட்டேன்.

செவ்வந்தியால் இப்போது விறகு தூக்க முடியவில்லை. நேற்று வாந்தியில் லேசாக ரத்தம். அவள் புருஷன் என்னைக் கூப்பிட்டு அழுதான். அவள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. மாத்திரை அரிசிப் பானைக்கு மேலே அப்படியே இருக்கிறது.

உறைபெட்டியைத் திற.

ஜெ.


சென்னை
21 ஏப்ரல் 2025

பிரகாஷ்,

திறந்தேன்.

ஆறு குழாயில் வைரஸ் இருக்கிறது. முப்பத்து நாலில் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு லேபுக்கும் அனுப்பினேன், அதனால்தான் தாமதம். அங்கேயும் அதேதான். வைரஸ் இருந்த ஆறு பேரின் புரத அளவைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ரிஷிவந்தியத்துக் கணக்குப்படியே உயர்ந்திருக்கிறது. கோட்டை விட்டு விலகியிருக்கிறார்கள் என்று அப்போது அவர்களைக் குடிகாரர்கள் பக்கம் தள்ளியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மலையிலும் சமவெளியிலும் இந்த வைரஸ் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் இருந்தால், அது யாருக்கு மாத்திரை கிடைத்தது என்பதில்தான்.

இதை எழுதுவதற்கு எனக்கு ஐந்து தாள் வீணானது.

இப்போது என் வேண்டுகோள். அக்டோபரில் ஒரு பெரிய மாநாடு. அங்கே நானே இதை எடுத்துச் சொல்லி ஆய்வைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குள் வெளியே போனால் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் என் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகள் மூன்று பேரின் பிழைப்பும் போகும். செவ்வந்தி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னைக்கு அழைத்து வா. என் நண்பரின் மருத்துவமனையில் சேர்க்கிறேன். வேறு பெயரில் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

ரிஷிவந்தியத்தில் சிரித்தேனா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சிரித்திருப்பேன்.

தீனா


சங்கராபுரம்
28 ஏப்ரல் 2025

தீனதயாளனுக்கு,

திறந்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

உன் கடிதத்தைச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். அவளே படித்தாள். பத்தாவது வரை படித்தவள், மெதுவாகத்தான் படிப்பாள். ‘வேறு பெயரில்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏண்ணா, ஒளிச்சி வெச்சி மாத்திர குடுக்கறதுக்கு நான் இன்னா சாராயக் கேஸா?” என்றாள். அப்புறம், “என் பேர்ல எழுதினத என் பேர்லியே அடிக்கணும். வூட்ல வந்து காதோட சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்துல வெச்சி எல்லாரும் கேக்கற மாரி படிக்கணும். அவர வரச் சொல்லு. வந்தா அன்னிக்கே முழுங்கறேன்.”

அக்டோபருக்கு அவள் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், அவளுடைய ரத்தப் பரிசோதனை அளவு அறக்கட்டளை வழியாக உன்னிடம் இருக்கிறது. அந்தப் புரதம் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம். உனக்கு நீயே சொல்லிக்கொள்.

அவளை வற்புறுத்திக் கூட்டிவரலாமே என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். கையைப் பிடித்து இழுக்கக்கூடப் போனேன். அப்புறம் விட்டுவிட்டேன். உன் அப்பாவின் அந்தப் பேச்சைச் சிரித்து மழுப்பிவிட்டு உன் வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன் நான். அன்றைக்கு எச்சில் கையோடு எழுந்து வந்திருந்தால் இந்த வயதில் இப்படிப் புளித்துப் போயிருக்க மாட்டேன். என் வீட்டில் ஒருத்தியாவது எழுந்து நிற்கிறாள். அவளை நான் உட்காரச் சொல்ல மாட்டேன்.

ஜெயப்பிரகாஷ்


சென்னை
14 மே 2025

பிரகாஷ்,

ஆய்வைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட இதழுக்கு எழுதிவிட்டேன். அறக்கட்டளைக்கும் எழுதிவிட்டேன். மலைக்கான தனி வழிகாட்டியை நேற்று எடுத்துவிட்டார்கள். காரணத்தில் மலைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ரத்தம் தந்தவர்களிடம் எதற்காக என்று சொல்லப்படவில்லை, தந்தவர் யார் என்று சரிபார்க்கப்படவில்லை, ஆய்வாளர் முகாமுக்குச் செல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்.

நிறுவனத்தில் யாருக்கும் என் மீது சந்தோஷம் இல்லை. அடுத்த வருஷம் எந்த நாற்காலியில் இருப்பேன் என்று தெரியவில்லை. அது உனக்கு வருத்தம் தராது என்பதும் தெரியும்.

பள்ளி திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த இளம் டாக்டரையும் அழைத்து வருகிறேன், சீட்டை அவர்தான் திருத்த வேண்டும். ஜீப் வேண்டாம், கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். நாற்பது பேரையும் மறுபடி பார்க்க வேண்டும், அவர்கள் சம்மதித்தால். முதலில் உட்கார்ந்து சொல்கிறேன்.

கரியாலூரில் இறங்கினால் அங்கிருந்து வழி யாரைக் கேட்க வேண்டும்?

தீனா


சங்கராபுரம்
24 ஜூன் 2025

தீனா,

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதச் சொல்லியிருந்தாய். தாமதம்தான். எனக்கு எழுத மனம் வர வேண்டும் அல்லவா.

நீ திருத்தத்தைப் படித்தபோது தாளுக்குள் தலையைக் குனிந்துகொண்டதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. “சத்தமா படிங்க சார், பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல,” என்று செவ்வந்தி உன்னை இரண்டாவது முறை படிக்கவைத்ததைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன டாக்டர் ‘சாராயம்’ என்பதன் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டானே, அது அவளுக்குப் போதவில்லை. நீங்கள் போன பிறகு என் பேனாவை வாங்கி, அடியில் எழுத்தே தெரியாத மாதிரி தேய்த்துக் கறுப்பாக்கினாள். அப்புறம்தான் அரிசிப் பானை மேலிருந்து மாத்திரையை எடுத்தாள். தண்ணீர் கொண்டுவர ஓடிய புருஷனை, “எனக்குக் கை இருக்குது,” என்று உட்காரவைத்தாள்.

அடுத்த வாரமே கள்ளக்குறிச்சியில் சேர்த்து வயிற்று நீரை எடுத்தார்கள். உணவுக்குழாயில் ரத்தம் கசிந்த இடத்தையும் கட்டினார்கள். இப்போது நடக்கிறாள். விழுந்த தழும்பு போகாது, இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். உனக்கும் எனக்கும் நடுவில் உள்ளதைப் பற்றியும் நான் அவ்வளவுதான் சொல்வேன்.

பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பினார். இவள் போகவில்லை. வர வேண்டாம் என்று நேரில் வந்து சொன்னவர், வா என்றும் நேரில் வந்து சொல்லட்டும் என்றாள். வந்தார். திங்கட்கிழமையிலிருந்து சமைக்கிறாள்.

அன்றைக்கு நாற்பது பேரும் அவரவர் கையை அவரவரே நீட்டினார்கள். ஒரு மணி நேரம் நீ தரையில் உட்கார்ந்து விளக்கியதால் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இருக்கலாம். சின்னக்கண்ணு வரிசையில் நின்றுகொண்டே ராசுவைத் தேடியது நீ பார்க்கவில்லை. ராசு பிஸ்கட் பாக்கெட்டோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். “இந்த வாட்டி உன்து நீயே குடு சித்தப்பா, என் ரத்தத்துக்குத் தனியா புஸ்தகம் போட்டாங்களாம்,” என்று மேலிருந்து கத்தினான்.

கடைசியில், நீ பெட்டியை மூடும்போது நான் வந்து உட்கார்ந்தேன். நீ ஒன்றும் கேட்காமல் என் கையில் ரப்பரைக் கட்டினாய். ஊசியை நீயே போட்டாய். நிறைந்த குழாயை உன் கையில் வைத்து நான் சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரிஷிவந்தியத்துக்குப் போய்ப் படித்துக் காட்டு. மலையிலிருந்து ஜெயப்பிரகாஷ் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறான். சின்னதுதான். அதற்குள் இருப்பது அவன் ரத்தம், வேறு யாருடையதும் இல்லை.

அதில் என்ன இருந்தது என்று நீ இன்னும் சொல்லவில்லை. நேற்று உன் நம்பரிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்கவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு. ஒரு சொல் தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

ஜெயப்பிரகாஷ்